நிறையாத குழி

கதிர்,

நேற்று மாலை நீ தொலைபேசியில் கேட்டதற்கு, "சிக்னல் சரியில்ல, ஒண்ணும் வெளங்கல" என்று சொல்லிவிட்டு அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். உண்மையில் எல்லாம் தெளிவாகத்தான் கேட்டது. "கல்யாணத்துல மாமா ஒங்க பக்கம் திரும்பியே பாக்கலையே, ரெண்டு வீட்டுக்கும் ஏதாச்சும் பிரச்சினையாப்பா?" என்று கேட்டாய். அதே பேச்சில் வெல்லவாயவில் நீங்கள் எடுத்திருக்கும் வாடகை வீட்டைப் பற்றியும் சொன்னாய். முற்றத்திலேயே கிணறு இருக்கிறது, மதிலுக்கு அந்தப்புறம் பக்கத்து வீட்டு மலசலகூடம் இருக்கிறது, ஆனாலும் தண்ணீரைப் பரிசோதித்து நல்லது என்று கடிதம் வந்திருப்பதாக வீட்டுக்காரர் சொன்னார் என்றாய். நீ இரண்டையும் வேறு வேறு பேச்சாக நினைத்தாய். எனக்கு அவை ஒரே பேச்சாகப் பட்டன. அதனால்தான் வாய் எழவில்லை. வாயால் சொல்ல வராததை எழுதினால் சொல்லிவிடுவேன் என்று அம்மா சொல்கிறாள். எழுதிப் பார்க்கிறேன்.

உனக்குத் தெரிந்ததையே முதலில் சொல்கிறேன். எனக்கு எதையும் வரிசையாகச் சொன்னால்தான் பிசகாது. தெமோதரையில் ரயில் பாதைக்குக் கீழே, சரிவில் ஒட்டினாற்போல் இருக்கும் நம் வீடுகள் எல்லாவற்றுக்கும் அந்த ஒரு கிணறுதான். நமக்கு மேலே, சரிவின் தலைப்பில், உன் மாமனார் ராஜமாணிக்கத்தின் வீடு. சுற்றுலா ஊரான எல்லவில் தங்க இடம் கிடைக்காமல் இந்தப் பக்கம் இறங்கிவரும் வெள்ளைக்காரர்களுக்காக அவர் தம் வீட்டோடு சேர்த்து இரண்டு அறைகள் கட்டினார். ஒவ்வொரு அறைக்கும் குளியலறை, கொமட், சுடுதண்ணீர். அந்த அறைகளைவிட அவர் அதிகம் பெருமைப்பட்டது அவற்றின் பின்னால் வெட்டிய கழிவுக் குழியைப் பற்றித்தான். "ஆள் மாறி ஆள் வந்துகிட்டேதான் இருக்காங்க மாஸ்டர், ஒரு தடவகூட குழி நெறஞ்சதில்ல, எறைக்க பவுசர் வண்டி கூப்பிட்டதில்ல" என்று சந்தியில் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்வார். தபால் நிலையத்தில் வேலை பார்த்த காலத்திலிருந்து எல்லோரும் என்னை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள், அவரும் அப்படித்தான். நானும் அந்தக் குழியை மெச்சித் தலையாட்டியிருக்கிறேன். அதில் விழுந்ததெல்லாம் எங்கே போகிறது என்று எனக்கும் தோன்றவில்லை, மற்றவர்களுக்கும் தோன்றவில்லை.

உங்கள் கல்யாணத்துக்கு நாள் குறித்த பிறகு, நீ லீவு கிடைக்காமல் வெல்லவாயவிலேயே இருந்தபோதுதான், பக்கத்து வீட்டுச் சுதாவின் மகள் கயலுக்குக் காய்ச்சல் வந்தது. முதலில் வயிற்றுப்போக்கு, பிறகு விடாத காய்ச்சல். பதுளை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நெருப்புக் காய்ச்சல், டைஃபாய்டு என்றார்கள். அதற்கு முன்பும் இரண்டொரு வீட்டுப் பிள்ளைகளுக்கு வயிறு சரியில்லாமல் போயிருந்தது. பெரியவர்கள் யாருக்கும் ஒன்றும் வரவில்லை. அதனால் தண்ணீரின் மேல் யாருக்கும் சந்தேகமே எழவில்லை. "ஒரே தண்ணியத்தான் எல்லாரும் குடிக்கிறோம், தண்ணியில கோளாறுன்னா எங்களுக்கும் வந்திருக்கணுமே" என்றார்கள். நானும் அப்படியே நினைத்தேன். யோசித்துப் பார்த்தால், நாம் தண்ணீரே குடிப்பதில்லை, கதிர். காலையில் தேத்தண்ணி, கொழுந்து பறிக்க மலைக்குப் போகுமுன் தேத்தண்ணி, பத்து மணிக்கு, மத்தியானம், வந்தவருக்கு, போகிறவருக்கு என்று எல்லாமே கொதித்த தண்ணீர்தான். விளையாடிவிட்டு ஓடிவந்து வாளியிலிருந்து பச்சைத் தண்ணீரை அள்ளிக் குடிப்பது பிள்ளைகள் மட்டும்தான். நம்மைத் தேயிலை காப்பாற்றிக்கொண்டிருந்தது. பிள்ளைகளுக்கு அந்தக் காப்பு இல்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் போய், சுகாதாரப் பரிசோதகர் கிணற்றுத் தண்ணீரை எடுத்துப் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார். சிங்களப் பையன், வயது குறைவு, தமிழை முயன்று பேசுவார். அவர் வருவதற்கு முதல் நாள் நம் ஆட்கள் என்ன செய்தார்கள் என்பதை நீ பார்க்காமலேயே சொல்லிவிடுவாய். லயத்து வீடுகளின் வாசலைக் கூட்டி, சாக்கடைக் கானைத் தள்ளி, ஓரமெல்லாம் சுண்ணாம்பு தூவினார்கள். என் அப்பா காலத்தில் தோட்டத்துக்கு டாக்டர் துரை வருகிற நாளில் அப்படித்தான். லயம் முழுக்க வெள்ளைக் கோடு போட்டிருக்கும். பெரியவர்கள் வந்தால் இடம் சுத்தமாக இருக்க வேண்டும் என்பது நம் ஆட்களுக்கு மரியாதை, அதில் கள்ளம் எதுவும் கிடையாது. அந்த மரியாதையில்தான் ராஜமாணிக்கம் ஒரு பை குளோரின் தூளை வாங்கிவந்து கிணற்றில் கொட்டினார். நான் வேலிக்கு இந்தப்பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வேண்டாம் என்று சொல்ல வாய் வரை வந்தது. மறுபடியும் யோசித்தேன்: எனக்கு என்ன தெரியும், பரிசோதனைக்கு முன் மருந்து போட்டால் முடிவு பிசகும் என்று ஏதோ படித்த ஞாபகம், தப்பாக இருந்தால்? அத்துடன் அவர் நம் சம்பந்தியாகப் போகிறவர். பேசாமல் உள்ளே வந்துவிட்டேன்.

மறுநாள் பரிசோதகர் ஐஸ் பெட்டியோடு வந்து இறங்கினார். கிணற்றை எட்டிப் பார்த்து, மூக்கைச் சுளித்து, "குளோரின் போடுறது தானே?" என்று கேட்டார். எல்லோரும் உன் மாமனாரைப் பார்த்தார்கள். "எப்பவும் போடுவோம் மாத்தியா" என்றார் அவர். இல்லை என்று சொன்னால் குற்றம் பிடிப்பார்களோ என்ற பயம்தான், வேறொன்றுமில்லை. அதிகாரி கேட்டால் அவருக்குப் பிடித்த பதிலைச் சொல்லிப் பழகியவர்கள் நாம். "ரொம்ப நல்லது" என்று சொல்லிப் பரிசோதகர் சந்தோஷமாகக் குறித்துக்கொண்டார். போத்தலில் தண்ணீர் எடுத்து மூடி, பெட்டியில் வைத்துக்கொண்டு போனார். சில நாள் கழித்து முடிவு வந்தது: கிருமி இல்லை, குடிக்கலாம்.

அன்று நம் வரிசையில் திருவிழா போல இருந்தது. கயலும் தேறி வீட்டுக்கு வந்திருந்தாள், மெலிந்துபோய். ஆஸ்பத்திரியில் சொன்னபடி சுதா அதுவரை அவளுக்குத் தண்ணீர் கொதிக்கவைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் வேலியோரம் நின்று, "தண்ணி கொதிக்க வைக்கிறியாம்மா?" என்று கேட்டேன். "இனி எதுக்குங்க ஐயா? டெஸ்ட்ல நல்லாருக்குன்னு வந்திருச்சே, கேஸ் விக்கிற வெலைக்கு" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. அந்தப் போத்தலுக்குள் போனது நம் கிணற்றுத் தண்ணீர் அல்ல, கதிர். குளோரினில் குளித்து வந்த தண்ணீர். குளோரினின் வேகம் இறங்கியதும் பழைய தண்ணீர் திரும்பிவிடும். அந்தக் கடிதம் வருவதற்கு முன்பாவது பயத்தில் சிலர் கொதிக்கவைத்தார்கள். அது வந்ததும் அதையும் நிறுத்திவிட்டார்கள். இனி ஒரு பிள்ளைக்கு ஏதாவது ஆனால், தெரிந்தும் பேசாமல் இருந்தவன் நான் ஒருவன்தான்.

அம்மாவிடம் சொன்னேன். "போய்ச் சொல்லுங்க" என்றாள். "யார்கிட்ட?" என்றேன். "மொதல்ல ராஜமாணிக்கம் அண்ணன்கிட்ட. அப்பறம் ஆபீஸ்ல." நான், சொன்னால் கல்யாணம் என்ன ஆகும், அந்த அறைகளை மூடச் சொல்லிவிட்டால் அந்தக் குடும்பம் என்ன ஆகும், ஒருவேளை நான் நினைப்பதே தவறாக இருந்தால் என்ன செய்வது என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். உன் அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். "நீங்க தந்தி அடிக்க வந்தவனையே, இதத்தான் சொல்லணுமா, யோசிச்சுப் பாத்தியான்னு கேட்ட ஆளு. செத்த வீட்டுச் சேதி கருமாதி முடிஞ்சப்பறம் போய்ச் சேர்ந்துச்சு. இதுலயும் யோசிச்சுக்கிட்டே இருங்க" என்றாள். அவள் சொன்னது முழு உண்மையல்ல. ஆனால் சட்டையைப் போட்டுக்கொண்டு புறப்பட்டேன்.

உன் மாமனார் அறைகளுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார். கல்யாணத்துக்கு வருகிறவர்களை அங்கே தங்கவைக்கும் ஏற்பாடு. நான் தயங்கித் தயங்கிச் சொல்லி முடித்தேன். குழிக்குள் விழுவதெல்லாம் மண்ணுக்குள் இறங்குகிறது, அதனால்தான் அது நிறைவதில்லை, சரிவுக்குக் கீழே இருப்பது கிணறு என்றேன். அவர் பிரஷை வாளியில் போட்டார். "மாஸ்டர், நீங்க படிச்சவரு. நான் குளோரின் போட்டது தப்புன்னு சொல்றீங்களா?" "தப்பில்ல. போட்டத மறச்சதுதான்..." "மறச்சனா? நாலு பேரு பாக்கப் போட்டேன்." அது உண்மைதான். பிறகு அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. "மகனக் குடுக்க இஷ்டமில்லன்னா நேராச் சொல்லிடுங்க. எங்க வீட்டுக் கக்கூஸ காரணமா வெச்சு நிப்பாட்டுனதா நாளைக்கு ஊர்ல பேச வேணாம்." நம் மருமகளாகப் போகிற தர்ஷினி கதவோரம் நின்றிருந்தாள். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அங்கேயே எல்லாவற்றையும் திரும்ப வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். "கல்யாணம் நடக்கட்டும் ஐயா, அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. நான் ஆபீஸ்ல சொல்லப்போறேன். ஒங்களுக்குத் தெரியாமப் போகக்கூடாதுன்னுதான் வந்தேன்" என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

பதுளைக்குப் போனதும் நேராக உள்ளே போய்விட்டதாக நினைத்துக்கொள்ளாதே. காரியாலயத்துக்கு எதிரிலிருந்த கடையில் உட்கார்ந்து, வேண்டாத தேத்தண்ணியை ஆறவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைக்கார நானா, "ஏன் ஐயா, சீனி பத்தலயா?" என்று கேட்டபோதுதான் எழுந்தேன். உள்ளே பரிசோதகரிடம் நடந்ததைச் சொன்னேன். யாரையும் குற்றம் சொல்லவில்லை, நம் ஆட்களின் வழக்கத்தைச் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் நெற்றியில் கைவைத்துக்கொண்டு சிரித்துவிட்டார். "ஐயா, எங்க அம்மாவும் இப்படித்தான். நான் வீட்டுக்கு வாறது என்டாலும் கிணறு கழுவும்" என்றார். பிறகு சிரிப்பை நிறுத்தி, "அந்தச் சின்னப் பிள்ளை இப்ப எந்தத் தண்ணி குடிக்கிறது?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்காகவே நான் இன்னும் முன்னதாகப் போயிருக்க வேண்டும்.

அவர் அன்றைக்கே சுதாவைத் தொலைபேசியில் அழைத்துக் கொதிக்க வைக்கச் சொன்னார். சில நாள் கழித்து, ஒருவருக்கும் சொல்லாமல், ஒரு பெரிய மழைக்கு மறுநாள் வந்து தண்ணீர் எடுத்தார். இந்த முறை மலத்தில் இருக்கும் கிருமி நிறைய இருப்பதாக முடிவு வந்தது. உன் மாமனார் அப்போதும் ஒப்புக்கொள்ளவில்லை. கிருமி யார் வீட்டுக் குழியிலிருந்தும் வந்திருக்கலாம், ஆட்டுக் கொட்டிலிலிருந்தும் வந்திருக்கலாம் என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பரிசோதகர் வாதாடவில்லை. ஒரு பச்சைச் சாயத்தைக் கொண்டுவந்து, "நீங்களே ஊத்துங்க" என்று கொடுத்து அறைக் கொமட்டில் ஊற்றச் சொன்னார். நாலைந்து நாள் மழை பெய்தது. ஒரு விடியலில் தண்ணீர் மொள்ளப் போன உன் அம்மா, வாளியில் இளம்பச்சையாகத் தண்ணீர் இருப்பதைப் பார்த்தாள். அவள் சத்தம் போடவில்லை, வாளியை அப்படியே வைத்துவிட்டு வந்தாள். சற்று நேரத்தில் உன் மாமனார் கிணற்றடியில் நிற்பதை ஜன்னல் வழியே பார்த்தேன். கட்டைச் சுவரைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். நான் வெளியே போகவில்லை.

அதற்குப் பிறகுதான் உங்கள் கல்யாணம். கிணற்றை மூடிவைத்திருந்தோம். சமையலுக்கும் குடிக்கவும் தண்ணீர் பவுசர் வண்டியில் வந்தது. கடைசி நேரத்தில் கிணறு கலங்கிவிட்டது என்று உன்னிடம் சொன்னோம். கன்னிகாதானத்தில் அவர் உன் கையில் வார்த்த தண்ணீரும் பவுசர் தண்ணீர்தான். எனக்கு அப்போது சிரிப்பு வந்தது, ஆனால் அவரைப் பார்த்தபோது அடங்கிவிட்டது. அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. என்மேல் தீராத கோபம் என்று எடுத்துக்கொண்டேன். எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது, கல்யாணம் நின்றுபோகவில்லை, இந்த விலை கொடுக்கலாம் என்று என்னையே தேற்றிக்கொண்டேன். தர்ஷினி உன்னிடம் ஒன்றும் சொல்லவில்லை என்பது நீ நேற்றுக் கேட்டதிலிருந்துதான் தெரிந்தது. இரண்டு பக்கத்தையும் காப்பாற்றியிருக்கிறாள். அந்தப் பெண்ணிடம் எதையும் மறைக்காதே. மறைக்க வேண்டியதை அவள் உன்னைவிட நன்றாக மறைப்பாள்.

நீங்கள் போன பிறகு உன் மாமனார் பழைய குழியை இறைத்து மண் போட்டு மூடினார். அடியும் பக்கமும் சிமெந்து பூசிய தொட்டியைச் சரிவின் மறுபுறம், கிணற்றுக்குப் பக்கம் வராதபடி கட்டினார். அறைகளை வேலை முடியும்வரை பூட்டிவைத்தார். கிணற்றைச் சுற்றிச் சிமெந்துத் தரை போட்டு, கட்டைச் சுவரையும் உயர்த்தினோம். எல்லா வீட்டு ஆண்களும் வந்தார்கள். நானும் மணல் சலித்தேன். அவர் கலவை போட்டார். ஒரே குவியலைச் சுற்றி நின்று நாள் முழுக்க வேலை பார்த்தும் நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. கிணற்றை இறைத்துக் கழுவி, பரிசோதகர் சொன்ன அளவில் அவர் முன்னாலேயே மருந்து போட்டோம். பிறகு ஒன்றும் போடாமல் ஒரு மழைக்காலத்தை அப்படியே போகவிட்டோம்.

இனி உன் வாடகை வீட்டுக் கிணற்றுக்கு வருகிறேன். பரிசோதித்த கடிதம் இருக்கிறது என்று வீட்டுக்காரர் சொன்னால், அது எந்த மாதம் எடுத்த தண்ணீர் என்று கேள். மழையிலா வெயிலிலா, எடுப்பதற்கு முன் கிணற்றில் யாராவது ஏதாவது போட்டார்களா என்றும் கேள். கடிதம் சொல்வது அந்தப் போத்தல் தண்ணீரைப் பற்றி மட்டும்தான். மதிலுக்கு அந்தப்புறம் குழியா தொட்டியா என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் மரியாதையாக விசாரி. "எங்க குழி நிறையவே நிறையாது" என்று அவர் பெருமையாகச் சொன்னால், உடனே சுகாதாரக் காரியாலயத்துக்குப் போ. என்னைப்போல் எதிர்க்கடையில் உட்கார்ந்துவிடாதே. தெரியும்வரை தண்ணீரை நன்றாகத் தளதளவென்று கொதிக்க விட்டுக் குடியுங்கள். கொதித்த தண்ணீர் சீக்கிரம் ஆறவேண்டுமென்று அதில் பச்சைத் தண்ணீரைக் கலக்கும் வழக்கம் உன் அம்மாவுக்கும் உண்டு, உனக்கும் உண்டு. அப்படிச் செய்தால் கொதிக்கவைத்ததே வீண். யார்மேலும் பழி போடாமல் கேட்டால் மனிதர்கள் கேட்பார்கள் என்று சொல்ல நினைத்தேன். என் அனுபவம் முழுதாக அப்படி இல்லை. கேட்காவிட்டாலும் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது.

நேற்று உனக்குப் பதில் சொல்ல முடியாமல் இருந்தவன் இன்று இவ்வளவு எழுதுவதற்குக் காரணம் உண்டு. இன்று காலை உன் மாமனார் நம் வீட்டுக்கு வந்தார். ஒரு கையில் கடிதம், மறு கையில் செம்பு. வாசலில் நின்று, "தங்கச்சி, மாஸ்டர் இருக்காரா?" என்று உன் அம்மாவைக் கேட்டார். நான் அவருக்கு முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன். "ஏண்ணே, கண்ணாடி மாத்தணுமா? முன்னாலதான குந்தியிருக்காரு" என்றாள் அம்மா. அவர் கடிதத்தை நீட்டினார். கிருமி இல்லை என்று இருந்தது. நான் மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே படித்தேன். எந்த நாள் எடுத்தது, மழை பெய்திருந்ததா என்று கேட்டேன். "ஆரம்பிச்சிட்டாரு" என்றாள் உன் அம்மா. "மழ விட்ட மறுநா எடுத்தது. சொல்லாமத்தான் வந்தாரு. நான் பண்டாரவளைக்குப் போயிருந்தேன், கேட்டுப் பாருங்க" என்றார் அவர். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "ஒங்க மேல கோவமில்ல. அந்தப் பச்சத் தண்ணியப் பாத்ததுலருந்து ஒங்க மொகத்துல முழிக்க முடியல. சுதா புள்ள ஆஸ்பத்திரியில கெடந்தப்ப நான் பழம் வாங்கிட்டுப் போய்ப் பாத்தேன் பாருங்க, அத நெனச்சாத்தான்." இத்தனை மாதம் கோபம் என்று நான் எண்ணியது கோபமே இல்லை. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். கயல் இப்போது உடம்பு பிடித்துவிட்டாள், பள்ளிக்கூடம் போகிறாள் என்றேன். "தெரியும், எங்க வீட்டுக் கொய்யா மரத்துலதான ஏறி நிக்கிறா" என்றார்.

செம்பை என்னிடம் கொடுத்தார். கிணற்றில் அப்போதுதான் மொண்ட தண்ணீர், வெளியெல்லாம் வியர்த்திருந்தது. கொதிக்கவைத்துக் குடிப்பதைத் தொடர்வது நல்லது என்று கடிதத்தின் அடியில் பரிசோதகர் எழுதியிருந்தார், அதையும் படித்திருந்தேன். செம்பைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பல மாதம் கழித்து முதல் தடவையாக அவர் சிரிப்பதைப் பார்த்தேன்.

"குடிங்க சம்பந்தி," என்றார். "இதுல நான் ஒண்ணும் போடல."

குடித்தேன்.

அப்பா